சந்தனம் கலையாத சுவிட்ச்

அத்தியாயம் ஏழு

இடிந்து விழுந்த அறை ஒன்று நலமாக இருப்பதாகச் சுவரில் எழுதியிருந்தது.

துப்பறிவாளர் தளவாய் அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றார். சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு திரை. திரை முழுவதும் சிறிய கட்டங்கள். ஒரகடத்தில் கார்களுக்கான பிரேக் பாகங்கள் வார்க்கும் அந்தத் தொழிற்சாலைக்கும், அதன் இரண்டு கிளை ஆலைகளுக்கும் உரிய சர்வர்கள், அவற்றுக்கான துணைக் கருவிகள் அனைத்தையும் இந்தப் பலகைதான் கண்காணித்தது. ஒழுங்காக இயங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் கட்டம். பழுதானால் கட்டம் சிவப்பாகும். அதே நொடியில் கணினிப் பிரிவினர் உட்படப் பொறுப்பில் உள்ள எல்லோருடைய கைப்பேசிக்கும் செய்தி போகும்.

இடது ஓரத்தில், ‘பேட்டரி அறை, எக்ஸாஸ்ட் ஃபேன்’ என்ற கட்டம் பச்சையாக இருந்தது. சன்னலுக்கு வெளியே அந்த பேட்டரி அறையின் கூரை தரையில் கிடந்தது. அதன்மேல் ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“செத்தவன் கையப் புடிச்சிப் பாத்துட்டு, நாடி நல்லா ஓடுதுன்னு சீட்டு எழுதிக் குடுக்கற டாக்டரு மாதிரி கீது சார் இது” என்றாள் செல்வமேரி.

சேரப்பணஞ்சேரிக்காரியான அவள் தளவாயிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அவளுடைய பேச்சைத் தளவாய் கண்டித்ததில்லை. அதில் பாதி வேடிக்கை, மீதி துப்பு என்பது அவருடைய கணக்கு.

வெடிப்பு நிகழ்ந்தது நேற்று முன்தினம், விஜயதசமி காலையில். மின்சாரம் நின்றால் சர்வர்களைத் தாங்கிப் பிடிப்பதற்கான பேட்டரிகள் அந்த அறையில் இருந்தன. சார்ஜ் ஏறும்போது அவை எரியக்கூடிய ஒரு வாயுவைக் கக்கும். அதை வெளியே தள்ளுவதற்குத்தான் ஃபேன். ஃபேன் நின்றிருந்தது, வாயு அறையில் சேர்ந்திருந்தது, ஆயுத பூசைக்கு ஓய்வு கொடுத்த இயந்திரங்களை மறுபடி ஓட்டுவதற்கு முன் கற்பூரம் காட்ட உள்ளே போன எலக்ட்ரீஷியன் உச்சிமாகாளி தீக்குச்சியைக் கிழித்தான். தீயணைப்புத் துறை அவ்வளவைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஃபேனை நிறுத்தியது யார், அது நின்றதைச் சொல்லியிருக்க வேண்டிய அலாரத்தின் வாயை அடைத்தது யார் என்ற இரண்டு கேள்விகள் எஞ்சின.

இரண்டாவது கேள்விக்குப் பலகையே பதில் வைத்திருந்தது. அலாரம் ம்யூட் செய்யப்பட்டது ஆயுத பூசை அன்று காலை. அந்த மாற்றத்தை அனுப்பியவர் பெயர் சக்திகுமார்; கணினிப் பிரிவில் வேலை செய்பவன். காவல் ஆய்வாளருக்கு அந்த ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. சக்திகுமாரும் உச்சிமாகாளியும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே வாடகை அறையில் இருந்தவர்கள். உச்சிமாகாளியின் தங்கை இசக்கிசெல்வியைச் சக்திகுமார் கட்டிக்கொள்ள விரும்பியதில் இருவருக்கும் வாய்த்தகராறு நடந்ததாக வீட்டுக்காரம்மாள் சொல்லியிருந்தாள். போதாதற்கு, இறந்தவன் கடைசியாகப் பேசியது சக்திகுமாரோடு. என்ன பேசினார்கள் என்று கேட்டால் சக்திகுமார் வாய் திறக்கவில்லை. மறுக்கவில்லை; அழவும் இல்லை. இன்று மாலைக்குள் அவனை அழைத்துப் போவதாக ஆய்வாளர் சொல்லியிருந்தார்.

வழக்கைத் தளவாயிடம் கொண்டு வந்தவள் இசக்கிசெல்விதான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கைப்பேசி ஆலையில் உதிரிகளைப் பூட்டும் லைனில் நிற்பவள். வாலாஜாபாத்தில் இருக்கிற அவருடைய அலுவலகத்துக்கு யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் வந்தாள். அண்ணனைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

“அவர் செஞ்சிருந்தாச் சொல்லிருங்க. செய்யலன்னாலும் சொல்லிருங்க. தெரியாம இருக்க முடியல.”

இறந்தவனின் குடும்பம் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைத்த நிர்வாகம், ஆய்வாளர் வரும்வரை தளவாய் எங்கும் போய்ப் பார்க்கலாம் என்று அனுமதித்திருந்தது.

திரைக்குக் கீழே ஒரு மேசை. ஆய்வாளருக்காக அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்திருந்தார்கள். அதில் உச்சிமாகாளியின் அடையாள அட்டை, ஒரு சீப்பு, ஒரு மலிவான கைப்பேசி. பேட்டரி அறைக்குள் கைப்பேசி கொண்டு போகக்கூடாது என்பது விதி. வராந்தாவில் இருக்கும் தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விதியை அவன் மதித்திருந்தான். கைப்பேசியில் சார்ஜ் இன்னும் பாதி மிச்சமிருந்தது.

பலகையை விளக்க வந்தவன் ஜாக்சன். நால்வர் கொண்ட கணினிப் பிரிவில் அவனும் ஒருவன், படப்பைக்காரன். தளவாய் கேட்ட முதல் கேள்வி அவனுக்கு விநோதமாகப் பட்டது. அறையே இல்லாதபோது கட்டம் ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது?

ம்யூட்டை யாரும் எடுக்கவில்லை என்றான் ஜாக்சன். ம்யூட் செய்த கட்டம் உள்ளே என்ன ஆனாலும் பச்சையாகத்தான் தெரியும்.

“அப்ப கொலைகாரன் சோம்பேறி சார்” என்றாள் செல்வமேரி. “வேலய முடிச்சவன் தடயத்த எடுத்துட்டுப் போவ மாட்டானா? ஒரு பட்டன்தான?”

தளவாய் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பட்டனை இரண்டு நாட்களாக ஒருவர் அழுத்தாமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இருக்குமா என்ற கேள்வியை மனத்தில் குறித்துக்கொண்டு, ஜாக்சனை மேலே சொல்லச் சொன்னார்.

முன்பெல்லாம் நால்வரும் அவரவர் கணினியில் தனித்தனியாகக் கண்காணிப்பை அமைத்து வைத்திருந்தார்கள். ஒருவன் தொல்லை தாங்காமல் ஓர் அலாரத்தை அடைத்தாலும் மற்ற மூவருக்கும் அது அடிக்கும். அதை அலங்கோலம் என்று நினைத்தவர் பிரிவின் தலைவர் கோதண்டராமன். போன வருடம் அவர் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது ஓரிடத்தில் மாற்றினால் மூன்று ஆலைகளிலும் மாறும். ஆளுக்கொரு நேரம் மாற்றி அனுப்பினால் பலகை குழம்புகிறது என்பதால் அவரே ஒரு நடைமுறையையும் வகுத்தார். யாருக்கு என்ன மாற்றம் வேண்டுமோ எழுதி வைத்துவிட்டுப் போகலாம்; காலை ஷிஃப்டில் மேசையில் இருப்பவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முறை அனுப்ப வேண்டும். அனுப்பியதும் எழுதிவைத்த வரிசை அழிந்துவிடும். பலகையில் நிற்பது அனுப்பியவர் பெயர் மட்டும். ஆயுத பூசை அன்று காலை ஒரு புது சர்வரைச் சேர்ப்பதற்காகச் சக்திகுமார் அப்படி அனுப்பியிருந்தான்.

“அனுப்பறதுக்கு முன்னாடி எதுவும் கேக்காதா?” என்றார் தளவாய்.

“கேக்கும் சார். ‘மத்தவங்க எழுதனதும் கீது, சேத்து அனுப்பவா’ன்னு கேக்கும். ஆமான்னு குடுத்துடுவோம்.”

“படிச்சுப் பாப்பீங்களா?”

“யார் சார் படிப்பா? பஸ்ல ஏறனா டிரைவராண்ட லைசென்ஸ் கேக்கறமா?”

செல்வமேரி நோட்டமிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “அப்ப லெட்டரு எழுதனவன் எவனோ. தபால்காரன் கைல வெலங்கு மாட்டப் போறாங்க.”

தபால்காரனும் கடிதம் எழுதக்கூடும் என்றார் தளவாய். பிறகு மூவரும் தூறலில் இறங்கி நடந்தார்கள்.

பேட்டரி அறையின் மூன்று சுவர்கள் போயிருந்தன. ஆனால் வராந்தாவை ஒட்டிய கனமான சுவர் நின்றது. ஃபேனுக்கான சுவிட்ச் அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தில் இருந்தது. பூசைக்குச் சாத்திய மல்லிகைச் சரம் வாடித் தொங்கியது. கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். வைத்தவர் தாராளமானவர். சந்தனம் சுவிட்சின்மேலும் அதைச் சுற்றிய தகட்டின்மேலும் ஒன்றாகப் பரவி, காய்ந்து, ஒரே பாளமாகியிருந்தது.

தளவாய் குனிந்து மூக்கு தொடும் தூரத்தில் அதைப் பார்த்தார்.

“செல்வமேரி, இதுல எங்கயாவது விரிசல் தெரியுதா?”

அவளும் குனிந்தாள். “ஒரு கோடு கூட இல்ல சார். எங்க வூட்டு மேஸ்திரி இப்டிப் பூசியிருந்தா மழைக்கு ஒழுகவே ஒழுகாது.”

“சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?”

அவள் பாளத்தின் மேட்டைப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். “ஆஃப்ல.”

ஒரு குறியை வாசிக்கும்போது அது சொல்வதை மட்டுமின்றி, எது நடந்திருந்தால் அந்தக் குறி இந்த வடிவில் இருந்திருக்காது என்பதையும் கேட்க வேண்டும் என்பது தளவாயின் முறை. சக்திகுமார் பூசை முடிந்த மாலையில் வந்து ஃபேனை நிறுத்தினான் என்பது ஆய்வாளரின் ஊகம். காய்ந்த சந்தனத்தின்மேல் ஒரு விரல் அழுத்தியிருந்தாலும் பாளம் பிளந்திருக்கும். பிளக்கவில்லை. ஆகவே பூசைக்குப் பிறகு அந்தச் சுவிட்சை ஒருவரும் தொடவில்லை. சந்தனம் வைக்கும்போதே ஃபேன் நின்றிருந்தது.

பூசையில் வைத்த பொருளை மறுநாள் நல்ல நேரம் வரும்வரை யாரும் தொடமாட்டார்கள் என்று ஜாக்சன் உறுதிப்படுத்தினான். விஜயதசமி அன்றும் முதலில் கற்பூரம். பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள். சந்தனம் வைப்பது யார் என்று கேட்டதற்கு, பிரிவின் தலைவர்தான் வைக்க வேண்டும், அது இங்கே வழக்கம் என்றான். அவன் கிறிஸ்தவன் என்றாலும் இரண்டு வருடமாகப் பூசையில் மணியடிப்பது அவன்தானாம்.

“போன வருஷப் பூசை எப்படி நடந்தது?” என்று தளவாய் சம்பந்தமில்லாததுபோலக் கேட்டார்.

ஜாக்சனின் முகத்தில் அன்று முதன்முறையாக ஓர் அசைவு தெரிந்தது. “போன வருசம் மானம் போச்சி சார். ஃபேன் காத்துல கற்பூரம் நிக்கவே இல்ல. மூணு வாட்டி அணைஞ்சிச்சி. எம்.டி. மூஞ்சி செத்துப்போச்சி. கோதண்டராமன் சாருக்குக் கை நடுங்கிச்சி.”

“இந்த வருஷம்?”

“ஆடாம அசையாம நேரா நின்னுச்சி. சார் கைராசின்னுகூட நெனச்சேன்.” சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. அவன் சுவிட்சைப் பார்த்தான். பிறகு வேறு எங்கோ பார்த்தான்.

இன்னும் ஒரே கேள்வி என்றார் தளவாய். ஃபேன் நின்றால் எம்.டி.யின் கைப்பேசி உட்பட எல்லாக் கைப்பேசிகளும் அடிக்க வேண்டும். பூசையின்போது ஏதாவது அடித்ததா?

ஒன்றும் அடிக்கவில்லை என்று ஜாக்சன் தலையசைத்தான்.

அவர்கள் கண்காணிப்பு அறைக்குத் திரும்பியபோது கோதண்டராமன் அங்கே காத்திருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, துவைத்து மடித்த சட்டை, தாழ்ந்த குரல். தேநீர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். மூலையில் ஒரு நாற்காலியில் சக்திகுமார் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நேரெதிரே, அறையின் மறுமூலையில், தளவாய் வரச் சொல்லியிருந்த இசக்கிசெல்வி. இருவருக்கும் இடையில் அந்தப் பிளாஸ்டிக் தட்டு.

தளவாய் சந்தனத்தைப் பற்றிச் சொன்னார். யாரையும் குற்றம் சாட்டாத குரலில், வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். ஃபேன் நின்றது பூசைக்கு முன்பு. அப்போது கைப்பேசிகள் அடிக்கவில்லை. ஆகவே அலாரம் அதற்கும் முன்பே அடைக்கப்பட்டிருந்தது. நிற்கப் போகிற ஃபேனுக்கு முன்கூட்டியே ம்யூட் எழுத வேண்டுமானால், ஃபேன் நிற்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காலை ஷிஃப்டில் இந்த மேசையை விட்டு நகராத சக்திகுமாருக்கு அது தெரிய வழியில்லை. போன வருடம் கற்பூரம் அணைந்ததில் கை நடுங்கிய ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

“இவரு புது சர்வர் ஒண்ணச் சேக்க பட்டன அமுக்கனாரு” என்று செல்வமேரி தன் பங்கைச் சேர்த்தாள். “கூடவே உங்க லெட்டரும் போயிடுச்சி. ஸ்டாம்பு இவரு பேர்ல.”

கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பூஜை நடுவுல எம்.டி. பாக்கெட்ல போன் அடிச்சிடக் கூடாதுன்னுதான். காலையிலேயே எழுதி வச்சேன். ஃபேனை நானே நிறுத்தினேன். முடிஞ்சதும் போட்டுடலாம்னு இருந்தேன். சந்தனம் வச்சேன். பூசணிக்காய் உடைச்சோம். பொரி கொடுத்தோம். எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம்.”

அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கொலைக்கும் மறதிக்கும் நடுவில் இருக்கிற ஓர் இடத்திலிருந்து அவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குத் தளவாயின் தொழிலில் பெயர் கிடையாது.

“ம்யூட்டை இன்னும் ஏன் எடுக்கல?”

“எடுத்தா எல்லாருக்கும் அடிக்கும்” என்றார் கோதண்டராமன். “அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாதுன்னு தோணிச்சு. ரெண்டு நாளா இந்தத் திரை முன்னாடி வந்து நிக்கிறேன், அழுத்தாமலே திரும்பிப் போயிடறேன்.”

வழக்கு அங்கே முடிந்திருக்க வேண்டும். தளவாய் இசக்கிசெல்வியின் பக்கம் திரும்பி, அவள் கேட்டதற்கான பதிலைச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை, சக்திகுமாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எழுதலன்னு உங்களுக்குத் தெரியும்லா. பிறகு ஏன் வாயத் தெறக்கல?”

சக்திகுமார் தரையைப் பார்த்தபடியே பேசினான். இரண்டு நாட்களில் அவன் பேசிய முதல் சொற்கள் அவை.

“அவன் போன் போட்டாம்லா. ஃபேனு உசரத்துல இருக்கு, வாசல்ல இருந்து தெரியாது. உள்ள நெருப்பு கொண்டு போறதுக்கு முந்தி இங்க கேட்டுட்டுத்தான் போவணும். கேட்டான். ஃபேன் ஓடுதாலேன்னு கேட்டான். நான் நிமிந்து பாத்தேன். பச்சையா இருந்துச்சு. ஓடுதுலே, கொளுத்துன்னு சொன்னேன்.”

செல்வமேரி சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“அவ்வளவுதானா பேசுனீங்க?” என்றாள் இசக்கிசெல்வி.

“கல்யாணத்தப் பத்தி சாயங்காலம் பேசுவோம்னான். கோவமால்லாம் சொல்லல.”

அவள் தலையை ஒருமுறை அசைத்தாள். சம்பளச் சீட்டில் ஒரு வரியைச் சரிபார்த்ததுபோல இருந்தது அந்த அசைவு. அவள் தெரிந்துகொள்ள விரும்பியது இப்போது அவளிடம் முழுமையாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கைகள் மடியில் திறந்து கிடந்தன.

தளவாய் கோதண்டராமனிடம் கணினியைச் சுட்டினார். “எடுத்துடுங்க.”

கோதண்டராமன் உட்கார்ந்தார். அவருடைய விரல் நடுங்கவில்லை. திரை ஒரு கேள்வியைக் கேட்டது. இந்த முறை அவர் அதை நிதானமாக வாசித்தார். பிறகு அனுப்பினார்.

இடது ஓரத்துக் கட்டம் சிவப்பானது. ஜாக்சனின் பாக்கெட்டில் கைப்பேசி ஒலித்தது. அடுத்துக் கோதண்டராமனுடையது. சக்திகுமாருடையது மேசை இழுப்பறைக்குள்ளிருந்து மரத்தை அதிரவைத்தது. எங்கோ மாடியில் எம்.டி.யின் அறையிலும் அடித்திருக்கும்.

கடைசியாகப் பிளாஸ்டிக் தட்டில் கிடந்த மலிவான கைப்பேசி ஒளிர்ந்து, சீப்பின்மேல் உரசியபடி இரண்டு முறை அதிர்ந்தது. அலாரம் போக வேண்டியவர்களின் வரிசையிலிருந்து உச்சிமாகாளியின் எண்ணை யாரும் நீக்கியிருக்கவில்லை.

இசக்கிசெல்வி எழுந்து போய் அதைக் கையில் எடுத்தாள். இப்படிப்பட்ட கைப்பேசிகளைத்தான் அவள் நாள் முழுதும் லைனில் பூட்டுகிறாள். செய்தியைத் திறக்க அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. ஆனாலும் வாசித்தாள். பேட்டரி அறையில் ஃபேன் நின்றுவிட்டது, உடனே கவனிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. அதன்கீழ், பலகை ஒவ்வொரு செய்தியிலும் சேர்க்கிற ஒரு விவரம்: மேசையில் இருப்பவரின் பெயர். விஜயதசமி காலைக்குப் பிறகு அந்த மேசையில் வேறு யாரும் பொறுப்பேற்கவில்லை. எனவே செய்தி சக்திகுமாரின் பெயரோடு வந்திருந்தது.

அவள் அதைச் சக்திகுமாரிடம் காட்டவில்லை. திரை தானாக அணையும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் ஓசை கேட்டது. செல்வமேரி சன்னலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

“இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு சார். யாரக் கூட்டிக்கினு போவணும்னு கேப்பாரு.”

கோதண்டராமன் எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார். அதே நேரத்தில் மூலையில் சக்திகுமாரும் எழுந்து நின்றான். யாரும் அவனை அழைக்கவில்லை. இருவரும் கதவைப் பார்த்து நின்றார்கள். எது யாருடைய பிழை என்று எடுத்துச் சொல்லத் தளவாயிடம் சான்று இருந்தது. அது நின்றுகொண்டிருந்த இருவரில் ஒருவனுக்குப் பயன்படாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

வராந்தாவில் பூட்ஸ் காலடிகள் நெருங்கின. இசக்கிசெல்வி அண்ணனின் கைப்பேசியைத் தன் யூனிஃபார்ம் பையில் போட்டுக்கொண்டாள். சக்திகுமார் பக்கம் திரும்பாமல், கதவைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நீங்க இரிங்க.”